இரத்தப் புற்றுநோய்க்கு இலக்கறிந்த மருந்து

எலும்பு மஜ்ஜையில் சில வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதால் உண்டாவது நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். தொடக்கத்தில் களைப்பும் உடல் மெலிவும் தோன்றும், மண்ணீரல் வீங்கும். சிகிச்சையின்றி விட்டால் சில ஆண்டுகளில் நோய் முற்றி உயிருக்கே ஆபத்து விளைவிக்கும்.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர் இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தினும் சிறுத்திருப்பதைக் கண்டனர். அந்நகரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் ஒடிந்து இடம் மாறுவதே இதற்குக் காரணம் என்று 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி விளக்கினார். இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. வாழ்நாளில் ஓர் அணுவில் நேர்ந்து, அதிலிருந்து பிறக்கும் அணுக்களுக்குச் செல்வது.

இடமாற்றத்தால் இரு ஜீன்களின் பகுதிகள் இணைந்து 'பி.சி.ஆர்.–ஏ.பி.எல்.' என்னும் புதிய ஜீன் உருவாகிறது. அது தோற்றுவிக்கும் என்சைம், அணுவைப் பெருகுமாறு ஓயாது தூண்டுகிறது. அந்த என்சைம் செயற்பட ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் அதன் குழிவொன்றில் பொருந்த வேண்டும். இமாட்டினிப் என்னும் மருந்து அக்குழிவில் அமர்ந்து ஏ.டி.பி.க்கு இடமில்லாமற் செய்கிறது. தூண்டுதல் நின்றதும் நோயணுக்கள் மடிகின்றன.

1998-இல் அமெரிக்காவில் பிரையன் ட்ரூக்கரும் பிறரும் தொடங்கிய முதற் சோதனையில், 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ தினமும் உட்கொண்ட 54 பேரில் 53 பேரின் இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது. 2001-இல் அந்நாட்டு அரசாங்கம் மருந்தை அனுமதித்தது. பின்னர் நடந்த பெருஞ்சோதனையொன்றில், இம்மருந்துடன் சிகிச்சை தொடங்கியவர்களுள் பத்தாண்டு முடிவில் உயிர் வாழ்ந்தோர் ஏறத்தாழ 83 சதவீதம் என 2017-இல் வெளியான முடிவு கூறுகிறது.

இந்தியாவில், இம்மருந்தின் ஒரு படிக வடிவத்திற்குக் கோரப்பட்ட பேடண்டு உரிமையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-இல் மறுத்தது. இதனால் இந்தியக் கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கும் மாத்திரைகள் தொடர்ந்து கிடைக்க வழி ஏற்பட்டது.

எனினும் நோயும் மாறவல்லது. என்சைமின் 315-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால், இமாட்டினிப் குழிவில் பொருந்தாது. அந்நிலையில் பொனாட்டினிப் பயன்படுகிறது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப், குழிவை விடுத்து என்சைமின் வேறோர் இடத்தைப் பற்றுகிறது.

ஆகவே, உடல் தேறியதெனக் கருதி நோயாளி தாமாகவே மாத்திரையை நிறுத்தலாகாது. நோய் நெடுங்காலம் நன்கு அடங்கியிருப்போரில் சிலருக்கு மட்டுமே, முறையான இரத்தப் பரிசோதனையுடன், வைத்தியர் அதனை நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஏனையோர் அதனை நாள் தவறாமல் உட்கொண்டு வருதல் இன்றியமையாதது.