சங்கு நின்ற பிறகும் எரியும் அடுப்பு
தங்கவயலில் மூன்று தலைமுறை கண்ட ஓட்டல்

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் கடிகாரம் பார்த்து மணி சொன்னவர்கள் குறைவு. சுரங்கத்தின் சங்குதான் ஊருக்கே கடிகாரம். சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு கீழே இறங்கும்; இன்னொரு ஷிப்டு மேலே ஏறி வரும். இறங்குகிறவனுக்குச் சூடாக டீ வேண்டும். ஏறி வருகிறவனுக்கு வயிறு நிறையச் சோறு வேண்டும். இந்த இரண்டையும் நம்பித்தான் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் என்று எங்கும் சிறு ஓட்டல்கள் பிழைத்தன.

சாம்பியன் ரீப் பக்கம் அப்படிப்பட்ட ஓர் ஓட்டலை ஒரு தமிழ்க் குடும்பம் மூன்று தலைமுறையாக நடத்தி வருகிறது. பெயர் வெளிவர வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம்.

பிழைக்க வந்தவர்

மைக்கேல் லவேல் என்ற வெள்ளைக்காரர் 1875-ல் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கி இங்கே தங்கம் தேடத் தொடங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து காவிரி மின்சாரம் வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஏழைகள் கூட்டம் கூட்டமாக வந்து லைன் வீடுகளை நிரப்பினார்கள்.

1930-களில் குடியாத்தம் பக்கத்தில் இருந்து அண்ணனும் தம்பியுமாக இருவர் வந்தார்கள். அண்ணன் சுரங்கத்தில் இறங்கினார். மூச்சுக் கோளாறு இருந்த தம்பிக்கு அந்த வேலை ஒத்துவரவில்லை. ஒரு பாய்லர், நாலு பெஞ்சு, ஒரு விறகு அடுப்பு இவற்றோடு ஓட்டல் வைத்தார். காலையில் இட்லி, பகலில் களியும் குழம்பும், எந்நேரமும் டீ.

சொந்த ஊரில் தனிக் குவளையில் காபி வாங்கிக் குடித்தவர்கள் பலர் அவரிடம் வந்தார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வைத்தார். அதைப் பிடிக்காத சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போனவர்களை அவர் திரும்பக் கூப்பிடவில்லை.

பற்று நோட்டு

இந்த வியாபாரத்தின் உயிர் பற்று நோட்டு. சம்பள நாள் வரை கடன். சம்பள நாளில் வட்டிக்காரருக்கும் அடகுக் கடைக்கும் போக மிச்சம் இருந்தால்தான் ஓட்டல்காரருக்கு. அதற்காகப் பெரியவர் யாருக்கும் சோற்றை நிறுத்தியதில்லை.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. சுரங்கத்தில் பாறை வெடித்து ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டுவிட வேண்டும். விதவையிடம் போய்க் கடன் கேட்கக் கூடாது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குறுக்குக் கோடுகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

1956-ல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1962-ல் மத்திய அரசுக்கு மாறியது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி ஆனது. நிர்வாகம் மாறினாலும் நோட்டு மாறவில்லை. பெரியவருக்குப் பின் மகன் கல்லாவில் உட்கார்ந்தார்.

2001 பிப்ரவரி 28

அன்றைக்குச் சுரங்கம் மூடப்பட்டது. ஒருவர் இறந்தால் ஒரு பக்கத்தில் கோடு போடலாம். ஊருக்கே வேலை போனால் என்ன செய்வது? நோட்டில் பாதிப் பேர் சுரங்கத் தொழிலாளிகள். நிலுவைத் தொகைக்காகவும் குடியிருந்த வீட்டுக்காகவும் அவர்கள் கோர்ட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் தகராறு வந்தது. கடனை வசூல் செய்து கடையை மூடிவிட்டு பெங்களூர் போகலாம் என்றார் பேரன். அப்பா வைத்த சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றார் தகப்பனார். கடைசியில் பேரனின் தாயார் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்து அரிசி வாங்கினார்கள். சுமார் 800 டன் தங்கம் எடுத்த ஊரில், அடுப்பு எரிய ஒரு சங்கிலி அடகுக்குப் போக வேண்டியிருந்தது.

ரெயில் மணி

சுரங்கம் போனதும் பிழைப்பு பெங்களூரில் என்று ஆகிவிட்டது. மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் புறப்படும் ரெயில்களில் கட்டிட வேலைக்கும், காவல் வேலைக்கும், தையல் தொழிற்சாலைக்கும், ஆபீசுக்கும் ஆயிரக்கணக்கானோர் போகத் தொடங்கினார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

பேரன் கடையின் நேரத்தை மாற்றினார். ராத்திரி இரண்டரை மணிக்கே அடுப்பு மூட்டினார். இட்லியை இலையில் கட்டி, முதல் வண்டிக்கு முன் கொடுத்தார். ரொக்கம் மட்டும், கடன் கிடையாது என்று பலகையும் எழுதி மாட்டினார்.

பலகை மூன்று மாதம்கூட நிற்கவில்லை. சீசன் டிக்கெட் எடுக்கவே திண்டாடுகிறவனிடம் ரொக்கம் எங்கே இருக்கும்? பழைய நோட்டு மறுபடி வெளியே வந்தது. இப்போது பாதிப் பக்கங்கள் பெண்களின் பெயரில்.

பழைய பாக்கி முழுவதும் வரவில்லை. நிலுவை கிடைத்த சிலர் தாங்களாகவே வந்து கட்டினார்கள். இறந்துபோன தகப்பனின் கணக்கை ஒரு மகன் வந்து தீர்த்தார். அவர் பெயரில் கடன் இல்லை, கோடு போட்டாகிவிட்டது என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் வரவில்லை. அவர்களை யாரும் தேடிப் போகவும் இல்லை.

பேரனின் மகள் பட்டப் படிப்பு முடித்து பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அவரும் அதே விடியற்கால ரெயிலில்தான் போகிறார். அடுத்து கல்லாவில் யார் என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பற்று நோட்டைக் கூட்டிப் பார்ப்பது அந்தப் பெண்தான். குறுக்குக் கோடு போட்ட பக்கங்களை அவர் கூட்டுவதில்லை.