சுண்ணாம்புக்கல்லும் குடாநாட்டு நீரும்

கனிப்பொருள் வேறு, பாறை வேறு. குறித்த இரசாயன அமைப்பும் ஒழுங்கான பளிங்குருவும் உடையதாய் இயற்கையில் விளைவது கனிப்பொருள். அத்தகைய கனிப்பொருள் ஒன்றோ பலவோ திரண்டது பாறை. கருங்கல்லிலே குவாட்சு என்னும் படிகக்கல்லும் அப்பிரகமும் பிறவும் விரவியிருக்க, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் கல்சைற்று என்னும் ஒரே கனிப்பொருளால் ஆயது.

நிறத்தைக் கொண்டு கனிப்பொருளை அறிய முற்படுவோர் ஏமாறுவர். கல்சைற்றும் படிகக்கல்லும் ஒருங்கே வெண்மையாயிருத்தல் கூடும். ஜேர்மானியரான மோசு என்பார் 1812 ஆம் ஆண்டில் வகுத்த வன்மை அளவுத்திட்டத்திலே கல்சைற்றின் எண் 3, படிகக்கல்லின் எண் 7. எனவே பேனாக்கத்தி முன்னதைக் கீறும், பின்னதைக் கீறாது. உடைத்தால் கல்சைற்று சாய்சதுரக் கட்டிகளாய்ப் பிளவுறும். படிகக்கல் கண்ணாடிபோல் ஒழுங்கின்றி உடையும். ஐதான அமிலத்துளி பட்டதும் கல்சைற்று நுரைத்துப் பொங்கும். ஆய்கூடத்தில் மாணவர் இதனைச் செய்தே பார்க்கலாம். மனனஞ் செய்தலினும் அது நன்று.

பாறைக்குழம்பு ஆறி இறுகுவதால் தீப்பாறையும், படிந்தவை இறுகுவதால் அடையற்பாறையும், இவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாறுவதால் உருமாறிய பாறையும் தோன்றும். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆயது. குடாநாடும் வடமேற்குக் கரையோரமும் இதற்கு விலக்கு. மயோசீன் காலத்து ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் முதலியன படிந்தே இங்குள்ள சுண்ணாம்புக்கல் உருவாயிற்று. மாத்தளைப் பகுதியின் சலவைக்கல்லும் ஒருகால் சுண்ணாம்பு அடையலே. புவியின் ஆழத்து வெப்பம் அதனை மீண்டும் பளிங்காக்கியது. காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை சீமெந்துக்காக அகழப்பட்டது குடாநாட்டுக் கல்லே.

மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகின்றது. அவ்வமிலம் கல்சைற்றை மெல்லக் கரைத்துப் பாறையிலே வெடிப்புக்களையும் குகைகளையும் ஆக்குகின்றது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்றில்லாத குடாநாட்டிற்கு நீர்நிலை அவ்வெடிப்புக்களே. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள. கனங்குறைந்த நன்னீர் கடல்நீரின்மேல் மிதத்தலே காரணம். கடல்மட்டத்தின்மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணிப்பு. ஆதலால் மிகையாக இறைத்து மட்டம் ஓரடி தாழுமாயின், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலெழ இடமுண்டு. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இவ்வச்சம் பெரிதன்று. இயந்திரங்கள் வந்தபின்னரே அது பெரிதாயிற்று.

மழையை விரைந்து உள்வாங்கும் அதே வெடிப்புக்கள் வழியாகத் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் மலகூடக் கழிவும் நன்கு வடிகட்டப்படாமலே கிணற்றை அடைகின்றன. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும்; நைத்திரேற்று நீங்காது.