இலங்கையின் பெயர் கொண்ட புழுவும் இரண்டு மருந்துகளும்



சென்ற மாதம் பூச்சி மருந்தைப் பற்றி வானொலியில் பேசிய பிறகு, ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் ஓர் அம்மா என்னை மறித்துவிட்டா. "தம்பி, மருந்தைச் சோதிக்கிறதெண்டு ஹம்ஸ்ரருக்குப் புழுவைக் குடுத்து வெட்டிப் பாக்கிறாங்களாமே? என்ரை பேத்தி அதைக் கூட்டிலை வைச்சுக் கொஞ்சுறாள்." நியாயமான கேள்விதான். அன்று இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிட்டேன், இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

அந்தப் புழுவுக்கு நமது நாட்டின் பெயர். இலங்கையில் ஒரு புனுகுப்பூனையில் கிடைத்த கொளுக்கிப்புழுவுக்கு, 1911இல் லூஸ் என்ற ஆய்வாளர் 'அன்சிலோஸ்டோமா சிலானிக்கம்' என்று பெயர் வைத்தார். நாய், பூனை, மனிதர் எல்லோரிலும் அது வாழும். ஹம்ஸ்ரரின் குடலிலும் வளரும். மனிதரைப் பிடிக்கும் மற்றக் கொளுக்கிப்புழுக்கள் அவ்வளவு இலகுவாக அங்கே வளர்வதில்லை. ஆய்வுகூடங்களில் இதற்கு மதிப்பு வந்தது அதனால்தான். கொளுக்கிப்புழுக்கள் குடலில் இரத்தம் குடித்து ஆளை வெளிற வைப்பவை. வெறுங்காலோடு வேலை செய்த நமது மலையகத் தோட்டத் தொழிலாளரை வாட்டியதும் கொளுக்கிப்புழுதான். அதற்கெதிரான வேலையை ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளையில் தொடங்கியது.

ஒரு மருந்து இருக்க ஏன் இரண்டு? அல்பென்டசோல் கொளுக்கிப்புழுவை நன்றாக அடிக்கும், சாட்டைப்புழுவிடம் தோற்றுவிடும். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும் என்ற பயமும் உண்டு. செம்மறி ஆடுகளின் புழுக்களில் அது நடந்தே விட்டது.

சோதனை முறை என்னைப் போன்ற கணக்காளனுக்குப் பிடித்தமானது. முதலில் கண்ணாடித் தட்டில் உள்ள புழுக்களில் மருந்துகளைத் தனியாகவும் கலந்தும் பார்ப்பார்கள். தேறியவை மட்டும் மிருகத்துக்குப் போகும். எண்ணிக் கொடுத்த குடம்பிகள், நான்கு குழுக்கள்: முதல் மருந்து, இரண்டாம் மருந்து, இரண்டும் சேர்த்து, ஒன்றுமே இல்லாமல். அந்தக் கடைசிக் குழு இல்லாவிட்டால் ஐந்தொகை சரிவராது. சில நாட்களின் பின் மிருகத்தைக் கொன்று, குடலில் மிஞ்சிய புழுக்களை எண்ணுவார்கள். இங்கே ஒன்றும் ஒன்றும் சில வேளை மூன்றாகும். சில வேளை ஒரு மருந்து மற்றதைக் கெடுத்து, ஒன்றிலும் குறையும்.

சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் ஜெனிஃபர் கைசரின் குழுவினர் ஒக்ஸன்ரெல் பமோயேற் என்ற பழைய மருந்தை எடுத்து, சுண்டெலியின் சாட்டைப்புழுவில் தனியாகவும் மற்ற மருந்துகளோடு சேர்த்தும் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். தன்சானியாவின் பெம்பா தீவில் 480 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. அல்பென்டசோல் மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 3 பேர்கூடச் சாட்டைப்புழுவிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. ஒக்ஸன்ரெல்லும் சேர்த்தபோது 31 பேர். பெரிய வெற்றியா என்று கேட்பீர்கள். ஆனால் புழு முட்டைகள் 96 வீதம் குறைந்தன. முட்டை குறைந்தால் மண்ணில் பரவுவதும் குறையும்.

பிரித்தானியாவில் இப்படியான சோதனைகளுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், எத்தனை மிருகம் என்பதற்கும் காரணம் காட்டவேண்டும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் பிறகு சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த நாலாவது கூட்டத்துக்கு மருந்துமில்லை, உயிருமில்லை, என்ன தம்பி?" என்றா. ஓம் என்றேன்.