பழைய படகுக்கு விலை போடுவது எப்படி? வாரிசுகள் அறிய வேண்டியவை



கே.கே. நகரில் வசிக்கும் நம் குடும்பங்களில் சிலருக்குச் சொந்த ஊர் கடற்கரையில் இருக்கிறது. பழவேற்காடு, தொண்டி, கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் தகப்பனார் விட்டுச்சென்ற படகு ஒன்று நிற்கும். அவர் மவுத்தான பிறகு வீடு, நகை, ரொக்கம் எல்லாம் கணக்கில் வரும். படகு மட்டும் வராது. "படகைப் பிளந்தா பங்கு வைக்க முடியும்? ஓட்டுகிறவனே வைத்துக்கொள்ளட்டும்" என்று பேச்சு முடிந்துவிடும். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்ட பெண்மக்களின் பாகமும் தாயாரின் பாகமும் அதோடு போய்விடுகின்றன.

படகைப் பிளக்க வேண்டாம். அதன் விலையைப் பாகம் பிரித்தால் போதும். அதற்கு முதலில் விலை சரியாகத் தெரிய வேண்டும்.

ஒரு படகு, நான்கு கணக்கு

படகை மொத்தமாகப் பார்த்து விலை சொன்னால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உடல், எஞ்சின், வலையும் சாமானும், காகிதம் என நான்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உடல். ஃபைபர் படகு என்றால் சுத்தியல் பிடியால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்கும் இடத்தில் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். அடிப்பாகத்தில் கொப்புளம், வெடிப்பு, அண்மையில் பூசிய பெயின்ட் ஆகியவற்றைக் கவனியுங்கள். எஞ்சின் மாட்டும் பின்பலகை அமுங்கினால் செலவு பெரிது. மரப் படகில் ஆணி துருவும் பலகை உளுத்ததும் பார்க்க வேண்டியவை. யார் கட்டியது, எந்த ஆண்டு என்றும் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட ஃபைபர் படகுகள் பலவற்றில் தரம் குறைவாக இருந்தது.

விசைப்படகின் அடிப்பாகத்தைப் பார்க்க ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். பல படகுகளைப் பழுதுபார்க்கக் கரையேற்றுவது அப்போதுதான்.

இரண்டாவது எஞ்சின். நாம் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் குறை தெரியாது. ஆறிய எஞ்சினை நம் கண்முன் கிளப்பச் சொல்ல வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஒரு மணி நேரமாவது கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் பெரிதாக இருந்தால் விலை கூடும் என்றும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினை அனுமதிப்பதில்லை.

மூன்றாவது வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி, ஜிபிஎஸ் போன்ற சாமான்கள். இவற்றைத் தனித்தனியாக எழுதி விலை போடுங்கள்.

நான்காவது காகிதம். மீன்வளத்துறைப் பதிவு யார் பெயரில் இருக்கிறது, படகில் எழுதிய எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா, வங்கிக் கடன் உண்டா என்று பாருங்கள். பதிவு இல்லாத படகுக்கு வரிவிலக்கு டீசலும் அரசு நிவாரணமும் கிடைப்பது கடினம். அதனால் விலையும் இறங்கும்.

கழிக்க வேண்டியவை

அதே கரையில், அதே நீளமும் எஞ்சினும் உள்ள மூன்று படகுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரியுங்கள். கேட்ட விலையை விடுங்கள், கொடுத்த விலைதான் கணக்கு. யாருக்கும் உறவில்லாத ஒரு ஃபைபர் மேஸ்திரியையும் ஒரு மெக்கானிக்கையும் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். கடலுக்குப் போகும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அவர்கள் சொல்லும் விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

மவுத்தானவர் மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல கரைகளில் அந்தப் பணம் தீரும்வரை அந்த வியாபாரிக்கே மீன் போட வேண்டியிருக்கும். அடக்கச் செலவும் கடனும் போக, வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அதையும் நிறைவேற்றிய பிறகே பாகம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உடல் 1,50,000, எஞ்சின் 90,000, வலையும் சாமானும் 60,000. ஆக 3,00,000 ரூபாய். பழுது 40,000, கடன் 20,000 போக மிச்சம் 2,40,000. வேறு சொத்தோ வஸிய்யத்தோ இல்லை. வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் மட்டும். மனைவிக்கு எட்டில் ஒன்று 30,000. மீதி 2,10,000இல் மகனுக்கு 1,05,000, மகள்களுக்கு ஆளுக்கு 52,500.

அதே படகை "பழசு, ஒரு லட்சம்தான் தேறும்" என்று வாய்க்கணக்காக முடித்திருந்தால், கடன் போக 80,000. மகளுக்குக் கிடைப்பது 17,500 மட்டுமே. ஒரு மகளுக்கு 35,000 ரூபாய் குறைகிறது.

மகன் படகை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அது அவருடைய பிழைப்பு. மற்றவர்களுக்குரிய 1,35,000 ரூபாயைத் தவணையாகத் தர அவர்கள் சம்மதித்தால், சாட்சிகளுடன் எழுதிக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பதிவையும் மாற்றிவிடுங்கள்.

மானியப் படகு

பாக் நீரிணைப் பகுதியில் 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சமாக இருந்தது. மானியம் 56 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், பயனாளியின் பங்கு 8 லட்சம். இப்படிப்பட்ட படகில் "வாப்பா போட்டது எட்டு லட்சம்தானே" என்று கணக்கிடக் கூடாது. இன்றைய சந்தை விலையில் கடன் பாக்கியைக் கழித்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான நிபந்தனைகளை மீன்வள அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜகாத் உண்டா?

பிழைப்புக்காக ஓட்டும் படகின் விலைக்கு ஜகாத் இல்லை. அதன் வருமானத்தில் சேமிப்பு நிஸாப் அளவை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு உண்டு. படகு வாங்கி விற்பதையே வியாபாரமாகச் செய்பவர், கையிருப்புப் படகுகளுக்கு அன்றைய சந்தை விலையில் இரண்டரை சதவீதம் கணக்கிட வேண்டும். கஹ்ஃப் அத்தியாயத்தில் கடலில் உழைத்த படகுக்காரர்கள் மிஸ்கீன்கள் என்றே அழைக்கப்படுகிறார்கள். தொழிற்கருவி வைத்திருப்பவரும் ஏழையாக இருக்கலாம் என்பதற்கு ஷாஃபிஈ இமாம்கள் இதை ஆதாரமாகக் காட்டியுள்ளனர். ஆகவே படகு இருக்கிறது என்பதற்காகவே ஒருவரை உதவிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டாம்.

பாகப்பிரிவினையில் சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். போகும்போது மேலே சொன்ன நான்கு கணக்கையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிடும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.