மாண்டவர் எழுந்த களம்

போரினை ஏட்டிற் கற்பது ஒன்று. கண்ணெதிரே காண்பது மற்றொன்று. 30 ஆண்டுகளுக்கு மேலாக மாணாக்கர்க்குப் புறத்திணை கற்பித்து வருபவன் நான். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் எனத் தொல்காப்பியர் வகுத்த ஏழினையும் கரும்பலகையில் எழுதி, நிரை கவர்தல் இது, மதிலை முற்றுதல் இது, இரு பெரு வேந்தர் ஒரு களத்திற் பொருதல் இது என விரித்துரைத்திருக்கிறேன். ஆயினும் இரண்டு படைகள் கொடியும் முரசுமாக அணிவகுத்து மோதும் காட்சியைக் கண்ணாரக் கண்டது ஒரேயொரு முறைதான். அதுவும் கடல் கடந்த ஒரு நாட்டிலே, புல்வெளியிலே, விளையாட்டாக!

2010ஆம் ஆண்டு ஆடி மாதம். என் தமக்கையார் இங்கிலாந்தில் நோர்த்தாம்ரன் நகரிற் குடியிருந்தார். அவருடைய மூத்த மகளின் திருமணத்தின்பொருட்டு நானும் மனைவியும் ஒன்பது வயது மகனும் அங்குச் சென்றிருந்தோம். மணவினை முடிந்து விருந்தினர் கலைந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் எம்மையும் தம் இளைய பிள்ளைகள் இருவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டார். தமக்கையார் இடியப்பத்தையும் சம்பலையும் பொதிகட்டி மடியில் வைத்துக்கொண்டார். "தமிழ் வாத்தியாருக்கு இண்டைக்கு நாங்கள் சரித்திரம் படிப்பிக்கப் போறம்" என்று சிரித்தவாறே அத்தான் வாகனத்தைச் செலுத்தினார்.

நகருக்கு வடக்கே கெல்மார்ஷ் என்றொரு சிற்றூர். அங்கே 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அமைப்பின்படி எழுந்த செங்கல் மாளிகையொன்றும் அதனைச் சூழப் பரந்த புல்வெளியும் உண்டு. நாட்டின் பழஞ்சின்னங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிற்றேஜ் என்னும் நிறுவனம் அப்புல்வெளியில் வரலாற்றுத் திருவிழா ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளைக் கூடாரங் கூடாரமாகப் பிரித்து அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். கி.பி. 43இற் படையெடுத்து வந்த உறோமரிடம் விடைபெற்று, சில பாகம் நடந்தால் 1066இன் நோர்மானிய வீரரைக் காணலாம். வேலியொன்றைக் கடந்தால் நெப்போலியனை எதிர்த்த செஞ்சட்டைப் படையினர் தேநீர் அருந்திக்கொண்டிருப்பர்.

இவர்கள் கூலிக்கு நடிப்பவரல்லர் என்பதே எனக்கு முதல் வியப்பு. கிழமை நாட்களில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் தச்சராகவும் இருப்போர், தம் பணத்தைச் செலவிட்டு உடையும் படைக்கலமும் செய்து, ஓய்வு நாட்களிற் பழங்காலத்துக்குக் குடிபெயர்கின்றனர். அந்நாட்டில் இதற்கெனச் சங்கங்கள் பல உள. 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் 'சீல்ட் நொட்' என்னும் சங்கத்தைப் பீற்றர் யங் என்ற படைத்துறை வரலாற்றறிஞர் 1968இல் நிறுவினார். உறோமப் படையினரின் கவசத்தை அச்சொட்டாகச் செய்து அணியும் 'ஏர்மின் ஸ்றீற் கார்ட்' 1972இற் தோன்றியது. பகலிற் கலப்பை பிடித்து இரவில் முடிதரித்துக் கூத்தாடிய எம்மூர் அண்ணாவிமாரை நினைத்துக்கொண்டேன்.

உறோமர் பாசறையில் என் மனைவி நின்றுவிட்டார். எட்டு வீரருக்கு ஒரு தோற்கூடாரம்; அந்த எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு கல். தமக்குரிய கோதுமையை அவர்களே அரைத்துக்கொள்ள வேண்டுமாம். "இஞ்சாருங்கோ, இது எங்கட திரிகையெல்லோ!" என்றார் மனைவி. கவசந் தரித்த இளைஞன் ஒதுங்கி இடம்விட்டான். சேலையை ஒதுக்கி அமர்ந்து, ஒரு கையாற் தானியத்தை இட்டு, மறு கையாற் பிடியைச் சுழற்றியபோது, அவனினும் விரைவாகவும் நொய்தாகவும் மா உதிர்ந்தது. கூடி நின்றோர் கைதட்டினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கூடாரமொன்றில் ஒருவருக்குரிய ஒரு வாரப் பங்கீட்டை மேசையிற் பரப்பியிருந்தனர்: தேயிலை 2 அவுன்சு, சீனி 8 அவுன்சு, முட்டை ஒன்று. 1940இற் தொடங்கிய அப்பங்கீடு 1954இற்றான் முற்றாக நீங்கியது. "எங்கட கூப்பன் காலம்" என்று சொல்லிவிட்டு மனைவி மெல்ல அப்பால் நடந்தார்.

பிற்பகலிலே தலையாய காட்சி. மன்னன் முதலாம் சாள்ஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் 1642இல் மூண்ட உள்நாட்டுப் போர். அந்தப் போரின் போக்கை முடிவுசெய்த நேஸ்பிக் களம் கெல்மார்ஷிலிருந்து சில மைல் தொலைவில் உள்ளது. 1645 யூன் 14ஆம் நாள் அங்கே பெயர்பாக்ஸும் குரொம்வெல்லும் நடத்திய படை மன்னனின் படையை முறித்தது. அத்தகைய போரொன்றையே எம் கண்முன் நடத்தினர். 16 அடி நீள ஈட்டிகள் காடு போல் நிமிர்ந்து நின்றன. துப்பாக்கி வீரர் கனலும் திரியை விரலிடையே பற்றி நின்றனர். முரசு அதிர்ந்தது. நான் தும்பைத் திணையை நினைத்து மகிழ்ந்திருந்தேன்.

அப்பொழுது பீரங்கி முழங்கியது.

என் மருமக்கள் இருவரும் துள்ளி எழுந்து கைகொட்டினர். அவர்களுக்கு நடுவே இருந்த என் மகனைக் காணவில்லை. குனிந்து பார்த்தேன். அவன் புல்லிற் குப்புறக் கிடந்தான். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்திற் படாதவாறு உயர்த்தி, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தான். பள்ளிக்கூடத்திற் பழக்கிய முறை, ஓர் இம்மியும் பிசகவில்லை. நாங்கள் தென்மராட்சியார். 2006 ஆவணி முதல் முகமாலைப் பக்கத்து எறிகணை ஓசையைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அவன். போர் ஓய்ந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவன் உடம்புக்கு அது தெரியவில்லை. அவனைச் சொல்வானேன்? நானும் அவன் முதுகின்மேற் கையை விரித்து மண்டியிட்டிருந்தேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். தமக்கையார் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எம்மருகே மடக்குக் கதிரையில் இருந்த முதியவர், எந்த நாட்டவர் என்று மெதுவாக வினவினார். சொன்னேன். தாம் சிறுவனாயிருந்தபோது குண்டுவீச்சுக்கு அஞ்சி, இரும்பு மேசையொன்றின் அடியிற் பல இரவுகள் உறங்கியதாகக் கூறினார். "இங்கே எல்லாக் கூடாரங்களுக்கும் போவேன், அந்தப் போரின் கூடாரங்களுக்கு மட்டும் போவதில்லை" என்றார். அதன்மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

போர் முடிந்தது. களமெங்கும் சடலங்கள். ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் வந்தது. உடனே மாண்டவரெல்லாம் எழுந்தனர்! தொப்பியைத் தேடி எடுத்து, புல்லைத் தட்டிவிட்டு, கொன்றவனும் கொல்லப்பட்டவனும் தோளில் கைபோட்டு நடந்து வந்தனர். மக்கள் ஆரவாரித்தனர். மகன் மெல்லத் தலைதூக்கிப் பார்த்தான்.

"அப்பா, செத்த ஆக்கள் எல்லாரும் எழும்பி வருகினம்!"

"ஓம் ராசா, இது விளையாட்டு. வா, போவம்."

அவன் அசையவில்லை. களத்தின் கோடியைச் சுட்டிக்காட்டினான். "அங்கை ஒரு ஆள் இன்னும் எழும்பேல்லை."

உண்மைதான். நீலச் சட்டை அணிந்த ஒருவர் தனியே கிடந்தார். களைப்பிலே கண்ணயர்ந்தார் போலும். அத்தான் அழைத்தார், மருமக்கள் குளிர்களி வாங்கித் தருவதாக ஆசைகாட்டினர். மகன் கயிற்று வேலியைப் பற்றியபடியே நின்றான். கூட்டம் கலைந்தது. பத்து நிமிடங்கள் சென்றிருக்கும். நீலச் சட்டைக்காரர் எழுந்து அமர்ந்தார், சோம்பல் முறித்தார், துப்பாக்கியைத் தோளிற் சாத்தி நடந்தார். அதன்பின்னரே என் மகன் வேலியை விட்டான். "இப்ப போவம்" என்றான்.

ஊர் திரும்பியபின் நேஸ்பிப் போரைப் பற்றிக் கிடைத்த நூல்களை வாசித்தேன். அன்று கெல்மார்ஷில் நான் காணாத ஒரு செய்தி அவற்றில் இருந்தது. வென்றவர்கள், தோற்ற படையைப் பின்தொடர்ந்து வந்த பெண்களுள் 100 பேர் வரையிற் கொன்றனர். வேறு பலரின் முகங்களை வாளாற் கீறிச் சிதைத்தனர். அயர்லாந்துப் பெண்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பெரும்பாலும் அவர்கள் வேல்ஸ் நாட்டுப் பெண்களாயிருக்கலாம் என்றும், பேசிய மொழி விளங்காமையால் அவ்வாறு கருதப்பட்டனர் என்றும், அவர்கள் கையிலிருந்த கத்திகள் சமையற் கத்திகளே போலும் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். மொழியைக் கற்பித்து வயிறு வளர்ப்பவன் நான். அந்தப் பக்கத்தை மூடிவைத்து நெடுநேரம் இருந்தேன். திரிகையருகே சேலையை ஒதுக்கி அமர்ந்த என் மனைவியின் உருவம் கண்முன் வந்தது.

நேஸ்பிக்கும் நாங்கள் கண்ட காட்சிக்கும் இடையே 365 ஆண்டுகள். அவ்வளவு காலஞ் சென்றாற் போரும் விளையாட்டாகும் என்று அன்று எண்ணினேன். இப்பொழுது அவ்வாறு எண்ணவில்லை. ஆண்டுகள் தாமே துயரை ஆற்றுவதில்லை, மறதியைத்தான் தருகின்றன. ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்லி முடிந்த களத்திலேயே மனச்சான்று குறுகுறுக்காமல் முரசு கொட்டலாம். அந்த வேல்ஸ் நாட்டுப் பெண்களுக்கு யார் கணக்குச் சொன்னார்? கடைசி மனிதன் எழும்வரை வேலியைப் பற்றி நின்ற சிறுவன் செய்ததே வரலாற்றாசிரியன் செய்யவேண்டிய தொழில் என்பேன்.

காஞ்சித் திணைக்கு நிலையாமை என்றே வகுப்பிற் பொருள் கூறி வந்தேன். நிலையாமை என்றால் எல்லாம் மறைந்தொழியும் என்று மட்டும் கொள்ளலாகாது. மறைந்தோரை எண்ணிப் பார்க்கும் கடமை இருப்போர்க்கு உண்டு என்பதையும் இன்று சேர்த்துச் சொல்கிறேன்.

மகன் இப்பொழுது வளர்ந்து என் தோளுக்கு மேலாகிவிட்டான். ஆடிக்கூழ் குடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், கெல்மார்ஷ் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பீரங்கி அவனுக்கு நினைவில்லை. புல்லிற் கிடந்ததும் நினைவில்லை. "அம்மா திரிகை சுத்தினது நினைவிருக்கு. பிறகு, அந்த நீலச் சட்டைக்காரர் கடைசியிலை எழும்பினவரெல்லோ, அப்பா?" என்றான்.

"ஓம் ராசா, எழும்பினவர்" என்றேன்.