கடிதத்தோடு திரும்பிய பாதிரியார்

மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில், தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780 செப்டம்பரில் நடந்த புள்ளலூர்ப் போர் விரிகிறது. காஞ்சிபுரத்தருகே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நொறுங்க, காயம்பட்ட கர்னல் பெய்லி பல்லக்கில் கிடக்கிறார். எனக்கு அதைவிட முக்கியம், முந்தைய ஆண்டு இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த ஒரு பேச்சு. அதை யாரும் வரைந்து வைக்கவில்லை.

1779இல் சென்னை கவர்னர் அனுப்ப, தஞ்சாவூரிலிருந்து ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் சமாதானம் பேச வந்தார். ஹைதர் பொறுமையாகக் கேட்டார். அவர் மனக்குறை பத்தாண்டுப் பழையது. 1769இல் பரங்கிமலை வரை படையோடு வந்து, கைக்கெட்டிய சென்னையைத் தொடாமல் கம்பெனியோடு உடன்படிக்கை எழுதியவர் அவர். ஒருவர்மேல் எதிரி பாய்ந்தால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்பது அதன் உயிர். விரைவிலேயே மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தார்கள். ஹைதர் கேட்டும் ஒரு சிப்பாய்கூட வரவில்லை.

அப்படியும் 1778இல் கம்பெனி புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தபோது ஹைதர் ஒதுங்கியே நின்றார். மாஹேயை மட்டும் தொடாதீர்கள் என்றார். அவருக்கு ஆயுதம் வந்திறங்கிய துறைமுகம் அது. 1779 மார்ச்சில் அதுவும் போனது.

வாக்கு மீறல்களை வரிசையாக எழுதிய கடிதத்தோடு பாதிரியாரைத் திருப்பி அனுப்பினார் ஹைதர். குறை எதுவும் தீரவில்லை. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியே அவர் படை இறங்கியது.

நாடு பிடிக்கும் ஆசைக்கு உடன்படிக்கை ஒரு சாக்கு என்பாரும் உண்டு. அந்தப் படை கொளுத்திய தமிழ்க் கிராமங்கள் பொய்யல்ல. ஆனால் அந்தக் கிராமங்களைக் காத்திருக்கக்கூடியது 1769இன் அந்த ஒரு ஷரத்துதான். நம் பிள்ளைகள் போர் நடந்த ஆண்டுகளை ஒப்பிக்கிறார்கள். எந்த வாக்கு மீறப்பட்டதால் போர் வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதுதான் என்னை உறுத்துகிறது. போருக்குச் சுவர் நிறைய வண்ணம், சமாதானத்துக்குப் பாடநூலில் ஒரு வரி.

போர் நடுவிலும் அந்தப் பாதிரியாரைத் தடுக்கக்கூடாதென்று ஹைதர் தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். 1782 டிசம்பரில் சித்தூர்ப் பக்கம் பாசறையிலேயே ஹைதர் இறந்தார். மறுஆண்டு அவர் மகன் திப்புவிடம் தூது புறப்பட்ட ஸ்வார்ட்ஸை சத்தியமங்கலத்திலேயே திப்புவின் ஆட்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1784 மார்ச்சில் மங்களூரில் கம்பெனியோடு உடன்படிக்கையில் திப்பு கையெழுத்திட்டார். பிடித்த ஊர்களை இருதரப்பும் திருப்பித் தரவேண்டும் என்று முடிவானது. 1769இலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.