கிளட்சை மிதித்தால் சத்தமா, விட்டால் சத்தமா?

கடை வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

துவரம் பருப்பு வாங்கப் போனால் மூட்டையில் குத்தி, நாலு பருப்பைக் கையில் எடுத்து, வண்டு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நாம் விலை பேசுகிறோம். ஆனால் அந்தச் சரக்கை ஏற்றி வரும் வண்டி சத்தம் கொடுத்தால் மட்டும், ஒர்க்‌ஷாப்பில் கொண்டு போய் நிறுத்தி, "என்னமோ சத்தம் வருது, பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பி விடுகிறோம். பிறகு பில் வரும்போதுதான் திகைத்து நிற்கிறோம்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நம் உறுப்பினர்களில் பலர் மாருதி ஓம்னி வண்டியை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டினோம். இன்னும் சிலர் ஓட்டி வருகிறோம். 1984-ல் சந்தைக்கு வந்த அந்த வண்டியின் தயாரிப்பு 2019-ல் நின்று விட்டது. ஆகவே இன்று சாலையில் ஓடும் எந்த ஓம்னியும் பழைய வண்டிதான். பழைய வண்டியில் கிளட்ச் சத்தம் வருவது இயல்பு. அது எந்தச் சத்தம் என்று தெரிந்து கொள்ளாமல் இருப்பதே நஷ்டம். இந்தக் கட்டுரையில் ஓம்னியை வைத்து விளக்கினாலும், காலால் கிளட்ச் மிதிக்கும் மற்ற பழைய வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் கடையில் நடந்தது

விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெய் டின்னும் ஏற்றி வந்த எங்கள் கடை ஓம்னியில் ஒருநாள் 'கொர்' என்று சத்தம் கேட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, "கியர் பாக்ஸ் பக்கம் சத்தம்" என்று சொன்னோம். அவர்களும் கியர் பாக்ஸை இறக்கி, உள்ளே இருந்த பேரிங்குகளை மாற்றி, பூட்டிக் கொடுத்தார்கள். பணம் கொடுத்து வண்டியை எடுத்து வந்தால், அதே சத்தம். அலுத்துப் போய், "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று மூன்று மாதம் ஓட்டினோம். ஆடித்தபசு வாரத்தில், ஊரெல்லாம் கூட்டமும் வியாபாரமுமாக இருந்த நேரத்தில், வண்டி நடுவழியில் நின்றது. வாடகை வண்டி பிடித்துச் சரக்கை இறக்கினோம்.

அடுத்துப் பார்த்த மெக்கானிக் வயதில் பெரியவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணாச்சி, சத்தம் மிதிச்சா வந்துச்சா, விட்டா வந்துச்சா?" மிதித்தால்தான் வந்தது. அது ரிலீஸ் பேரிங் சத்தம். அதை அப்போதே மாற்றியிருந்தால் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதே இல்லை. மூன்று மாதம் விட்டதில் பேரிங் இறுகி, பிரஷர் பிளேட்டின் விரல்களையும் அரைத்து விட்டது. முதலில் பார்த்தவர் மேல் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. "கியர் பாக்ஸ் பக்கம்" என்று இடத்தைச் சொன்ன நாங்கள், எப்போது சத்தம் வருகிறது என்பதைச் சொல்லவில்லை.

கிளட்ச் செய்யும் வேலை

எஞ்சினின் பின்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றுகிறது. அதன் மேல் கிளட்ச் பிளேட்டை வைத்து, பிரஷர் பிளேட் ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடித்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் நடுவில் கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு நுழைந்திருக்கும். காலை எடுத்திருக்கும் வரை மூன்றும் ஒன்றாகச் சுற்றும். அந்தத் தண்டும் சுற்றும்.

பெடலை மிதித்தால் கேபிள் ஒரு கவையை இழுக்கும். கவை, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளிப் பிரஷர் பிளேட்டின் விரல்கள் மேல் அழுத்தும். பிடி தளர்ந்து கிளட்ச் பிளேட் விடுபடும். எஞ்சின் சுற்றிக் கொண்டிருந்தாலும் கியர் பாக்ஸ் தண்டு நின்று விடும்.

ஆக, கால் மேலே இருக்கும்போது சுற்றும் பேரிங்குகள் வேறு. மிதித்திருக்கும்போது சுற்றும் பேரிங் வேறு. சத்தத்தைக் கண்டுபிடிக்கும் சாவி இதுவே. ஓம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழேயே இருப்பதால் எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வருவது போலத் தோன்றும். எனவே காது காட்டும் இடத்தை நம்புவதை விட, கால் காட்டும் நேரத்தை நம்புவது நல்லது.

ஐந்து நிமிடச் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம்.

முதலாவது, எஞ்சினை ஓட்டாமலே பெடலை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். 'கிரீச்' என்று கேட்டால் குறை பெரும்பாலும் பெடல் முளை, கேபிள், கவை ஆகியவற்றில்தான் இருக்கும். பெடல் முளைக்கு கிரீஸ் வைத்தாலோ, நார் பிரிந்த கேபிளை மாற்றினாலோ பெரும்பாலும் தீர்ந்து விடும்.

இரண்டாவது, எஞ்சினை ஸ்டார்ட் செய்து காலை எடுத்து விட்டுக் கேளுங்கள். அப்போது உறுமல் இருந்து, பெடலை முழுதும் மிதித்ததும் நின்று போனால், கியர் பாக்ஸ் முன் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இறக்குவதற்கு முன் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் இந்தச் சத்தம் வரும். பழைய வண்டிகளில் லேசான 'கலகல' ஒலி மட்டும் இருந்து மிதித்தால் மறைவது, பற்சக்கரங்களின் தேய்மானமாக இருக்கும். அதற்காக உடனே செலவு செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது, பெடலை மெதுவாக மிதியுங்கள். முதலில் சற்றுத் தூரம் லேசாக இறங்கும். பிறகு கனக்கத் தொடங்கும். அந்தக் கனம் தட்டும் இடத்தில் 'ஸ்ர்ர்' என்றோ 'கொர்' என்றோ சத்தம் பிறந்தால் அது ரிலீஸ் பேரிங். எங்கள் வண்டியில் வந்தது இதுதான்.

நான்காவது, பெடலை முழுக்க மிதித்து முதல் கியரைப் போட்டு, மிதித்தபடியே கேளுங்கள். ஹேண்ட் பிரேக் இருக்கட்டும். பெடல் அடிவரை போன பிறகு மட்டும் சத்தம் வந்தால், ஃப்ளைவீல் பக்கம் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்காக இருக்கலாம். தண்டு நிற்க, ஃப்ளைவீல் சுற்றுவதால் அப்போதுதான் அந்தப் பேரிங்குக்கு வேலை வருகிறது.

மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வண்டி ஓடும் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் சத்தம் கிளட்ச் சத்தமே அல்ல. சக்கர பேரிங்கையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் பாருங்கள். வண்டி கிளம்பும்போது மட்டும் 'டக்' என்று அடித்தால், அந்த ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸ் தேய்ந்திருக்கக் கூடும். கிளம்பும்போது வண்டி நடுங்கினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பரும் தளர்ந்திருக்கலாம். ரிவர்ஸ் கியர் 'கரகர' என்று கடித்தால் கிளட்ச் முழுதும் விடவில்லை. முதலில் கேபிள் அட்ஜஸ்ட்மென்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

ரிலீஸ் பேரிங்கோ பைலட் பேரிங்கோ என்றால் கியர் பாக்ஸை இறக்காமல் வழியில்லை. ஆனால் இறக்குவது வேறு, பிரிப்பது வேறு என்பதை நினைவில் வையுங்கள். கிளட்ச் வேலைக்குக் கியர் பாக்ஸை முழுசாக விலக்கி வைத்தால் போதும். அதன் உள்ளே கை வைக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த வேலையில் கூலிதான் பெரிய பங்கு. பேரிங் ஒன்றை மாற்றினாலும், பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றினாலும் இறக்கி ஏற்றும் கூலி ஒன்றே. எனவே வண்டி நிறைய ஓடியிருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே கணக்குக்குச் சரி. பிளேட் அண்மையில்தான் மாற்றியது, லைனிங் ரிவிட் தலைக்கு மேல் நன்றாக மிச்சமிருக்கிறது, பிரஷர் பிளேட்டின் விரல்களும் சமமாக இருக்கின்றன என்றால் பேரிங் மட்டும் போதும்.

வேலை நடக்கும்போது அரை மணி நேரம் பக்கத்தில் நிற்பது வீண் போகாது. கவனிக்க வேண்டியவை இவை. புது ரிலீஸ் பேரிங்கைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது; உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்து போகும். எஞ்சின் பின் சீல், கியர் பாக்ஸ் முன் சீல் இரண்டிலும் கசிவு இருந்தால் அப்போதே மாற்றி விட வேண்டும். இல்லாவிட்டால் புது பிளேட்டில் எண்ணெய் ஏறும். பிளேட்டை நடுமையம் பார்த்து வைத்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பழைய லைனிங் தூளைக் காற்றடித்துப் பறக்க விட வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு, அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஜாக்கி மட்டும் கொடுத்த வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கெட்ட பேரிங்கைக் கையில் சுற்றினாலே சொரசொரப்பு தெரிந்து விடும்.

கடைசியாக கேபிளை அட்ஜஸ்ட் செய்து, பெடலின் மேல்பகுதியில் லேசான விளையாட்டு இருக்கும்படி வைக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். விளையாட்டே இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் உரசிக் கொண்டிருக்கும், பிளேட்டும் வழுக்கும்.

திரும்ப வராமல் இருக்க

கேட்டில் ரயிலுக்காக நிற்கும்போது கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி காத்திருக்கிறோம். அத்தனை நேரமும் ரிலீஸ் பேரிங் பாரத்தோடு சுற்றுகிறது. நியூட்ரல் போட்டுக் காலை எடுத்து விடுங்கள். ஓட்டும்போது பெடல் மேல் காலை ஓய்வாக வைக்கும் பழக்கமும் இதே கெடுதலைச் செய்யும். திருவிழாக் கூட்டத்தில் பாதிக் கிளட்சில் ஊர்ந்து போவதும், அளவுக்கு மேல் மூட்டை ஏற்றுவதும் பிளேட்டைத் தின்னும். பையன்களிடம் வண்டியைக் கொடுப்பவர்கள் இந்த நாலையும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் சோதனையைச் செய்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொள்ளுங்கள்: "நியூட்ரலில் சத்தம் இல்லை, பெடல் கனக்கும் இடத்தில் வருகிறது, விட்டால் நிற்கிறது." இப்படி ஒரு வாக்கியத்தோடு போகும் வண்டிக்காரருக்கு, மெக்கானிக் வேண்டாத வேலையைச் சொல்வது கடினம், வேண்டிய வேலையை விரைவில் முடிப்பது சுலபம். எங்களிடம் அந்தச் சீட்டு இருந்திருந்தால், ஒரு கியர் பாக்ஸ் வேலையும் ஒரு வாடகை வண்டியும் மிச்சமாகியிருக்கும்.